வீட்டிலிருந்து அலுவலக அஞ்சல்: வி.பி.என்னா, வெப்மெயிலா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சிறு நிறுவனங்களின் கணினிகளைக் கவனித்துவரும் என்னிடம், இங்குள்ள சாட்ஸ்வொர்த் பகுதி வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: வீட்டிலிருந்து அலுவலக அஞ்சலைப் பார்க்க வி.பி.என். (அலுவலக வலையமைப்புக்குள் செல்லும் மறையாக்கப்பட்ட தனிவழி) நல்லதா, வெப்மெயில் (உலாவியிலேயே திறக்கும் அஞ்சல்) நல்லதா?

செலவு: வயர்கார்டு வி.பி.என். மென்பொருள் இலவசம்; ஆனால் ஒவ்வொரு கைப்பேசியிலும் சாவி (நுழைய அனுமதி தரும் ரகசியக் குறியீடு) ஏற்ற ஆள் வேண்டும். வெப்மெயில் இணைப்பை மறையாக்கத் தேவையான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு இலவசமாகவே தருகிறது.

எளிமை: வெப்மெயில்தான். அது பயன்படுத்தும் 443ஆம் போர்ட்டை (பாதுகாப்பான இணையதளங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் வாசல்) ஓட்டல் வைஃபைகூடத் தடுப்பதில்லை. வயர்கார்டு யு.டி.பி. என்ற தரவு அனுப்பும் முறையில் மட்டும் செல்வதால், அதைத் தடுக்கும் சில இடங்களில் முடங்கிவிடும்.

பாதுகாப்பு: இங்கேதான் எனக்குத் தூக்கம் கெடுகிறது. 2021 மார்ச்சில் மைக்ரோசாப்டின் எக்ஸ்சேஞ்ச் அஞ்சல் மென்பொருளில் இருந்த பாதுகாப்பு ஓட்டைகள் அம்பலமானபோது, இணையத்துக்கு நேராக முகம் காட்டி நின்ற சர்வர்களில் கடவுச்சொல்லே இல்லாமல் ஊடுருவிகள் புகுந்தார்கள். இரண்டடுக்கு உள்நுழைவு (கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பும்) இருந்தும் பயனில்லை. வயர்கார்டோ, சாவி இல்லாதவன் கதவைத் தட்டினால் பதிலே சொல்லாது.

மின்வெட்டு: சர்வர் அலுவலக மூலையில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே படுத்துவிடும்! முதலில் இன்வெர்ட்டர் வாங்குங்கள்.

கணக்கர், வழக்கறிஞர், மருத்துவர் அலுவலகங்களுக்கு வி.பி.என். ஊர் சுற்றும் விற்பனையாளர்களுக்கு, இரண்டடுக்கு உள்நுழைவுடன் வெப்மெயில். ஆனால் மென்பொருளின் பாதுகாப்புத் திருத்தங்களை வந்த அன்றே நிறுவ ஒருவர் இருக்க வேண்டும்.