பிறவி தைராய்டு குறைபாடு: முதலில் அளக்க வேண்டியது டி.எஸ்.எச். அளவையா, டி4 அளவையா?

உத்தேசமாக 2,000 முதல் 4,000 குழந்தைகளுக்கு ஒன்று, தைராய்டு சுரப்பியே இல்லாமலோ, அச்சுரப்பி கழுத்துக்கு இறங்காமல் நாக்கின் அடிப்பகுதியிலேயே சிறுத்து நின்றுபோயோ, உருவத்தில் குறையில்லாத சுரப்பி ஹார்மோனை மட்டும் உருவாக்க இயலாமலோ பிறக்கிறது. கருவில் இருந்தபோது தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாக வந்த ஹார்மோன் சில வாரங்கள்வரை தாக்குப்பிடிப்பதால், இக்குழந்தைகளில் பெரும்பாலோர் பிறந்தவுடன் எந்த வேறுபாடும் இல்லாமல்தான் காணப்படுகின்றனர். நீடித்த மஞ்சள் காமாலை, கரகரத்த அழுகை, மலச்சிக்கல், தடித்த நாக்கு, தொப்புள் பிதுக்கம் ஆகியவை தலைகாட்டும்வரை காத்திருந்தால், மூளை வளர்ச்சிக்கு உரிய பொன்னான வாரங்கள் கைநழுவிவிடும். ஆகவே, எல்லாக் குழந்தைகளையும் பரிசோதிக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எதை முதலில் அளப்பது என்பதில்தான் முறைகள் பிரிகின்றன.

1970-களில் கனடாவின் கியூபெக்கில் மருத்துவர் ஜான் டுசோ இப்பரிசோதனையைத் தொடங்கியபோது, வடிதாளில் உலர்த்திய ரத்தப் பொட்டில் அளக்கப்பட்டது டி4, அதாவது தைராய்டு நேரடியாகச் சுரக்கும் ஹார்மோன். இம்முறையில் டி4 குறைவாக இருப்பவர்களுக்கு மட்டும் அடுத்து டி.எஸ்.எச். பார்க்கப்படும். டி.எஸ்.எச். என்பது, தைராய்டைத் தூண்டுவதற்காக, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன். தைராய்டு சோம்பினால் பிட்யூட்டரி அதைக் கூடுதலாக அனுப்பும். பிற்காலத்தில் டி.எஸ்.எச். அளவைத் துல்லியமாகக் காணும் கருவிகள் பரவியதும், உலகின் பெரும்பாலான திட்டங்கள் அதையே முதல் சோதனையாக மாற்றிக்கொண்டன.

அந்த மாற்றத்துக்குக் காரணம் இருந்தது. நாக்கடியில் தங்கிய சுரப்பி ஓரளவு வேலை செய்யும்போது டி4 இயல்பு எல்லைக்குள்ளேயே நிற்கலாம்; பிட்யூட்டரி எவ்வளவு பாடுபட்டு அதை நிறுத்தி வைத்திருக்கிறது என்பதை டி.எஸ்.எச். மட்டுமே காட்டும். மேலும், ஹார்மோனைச் சுமந்து செல்லும் புரதம் பிறவியிலேயே குறைந்திருக்கும் குழந்தைக்கும், குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் நோய் ஏதுமின்றியே டி4 தாழ்ந்திருக்கும். டி4 முறை இத்தகைய குழந்தைகளையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்து, பெற்றோரை வீணாகக் கலங்கவைக்கும்.

ஆனால் டி.எஸ்.எச். முறைக்கும் ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. பழுது தைராய்டில் இல்லாமல் பிட்யூட்டரியிலேயே இருந்தால், டி4 குறைந்தும் டி.எஸ்.எச். உயராது, அறிக்கை 'இயல்பு' என்றே வரும். இந்த மையவகைக் குறைபாடு சுமார் 16,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒன்றுக்குத்தான் ஏற்படுகிறது என்றாலும், அதை அலட்சியப்படுத்த முடியாது. இவர்களில் பலருக்கு, அட்ரினல் சுரப்பியின் ஹார்மோனான கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் ஆகியவையும் சேர்ந்தே குறைந்திருக்கும். ரத்தச் சர்க்கரை திடீரெனச் சரியும். கார்ட்டிசால் குறைவைக் கவனிக்காமல் தைராய்டு மருந்தைக் கொடுத்தால் அதுவே ஆபத்தாக முடியும். நெதர்லாந்து இதற்காகவே முதலில் டி4 பார்த்து, குறைவானவற்றில் டி.எஸ்.எச். அளவையும், மேலும் தேவைப்பட்டால் சுமக்கும் புரதத்தையும் அளக்கும் மூன்றடுக்கு முறையைப் பின்பற்றுகிறது. ஆய்வகமும் பின்தொடர்தலும் உறுதியாக உள்ள இடத்துக்கு அது பொருந்தும். ஒரே ஒரு சோதனைக்குத்தான் வசதி உண்டு என்றால், என் தேர்வு டி.எஸ்.எச். தான், நோயின் மிகப் பெரும் பகுதியைக் குறைந்த குழப்பத்தோடு பிடிப்பது அதுவே. ஆனால், ரத்தச் சர்க்கரை அடிக்கடி தாழும் குழந்தையின் பெற்றோரிடம் அந்த 'இயல்பு' அறிக்கையைக் காட்டி ஆறுதல் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

எதை அளப்பது என்பதற்கு நிகரானது, ரத்தத்தை எப்போது எடுப்பது என்ற கேள்வி. பிறந்த அரை மணி நேரத்துக்குள் டி.எஸ்.எச். லிட்டருக்கு 60 முதல் 80 மில்லி யூனிட் வரை எகிறி, அடுத்த சில நாட்களில் படிப்படியாக அடங்குகிறது. முதல் நாளிலேயே குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தால், நலமான குழந்தைகள் பலரும் நோயாளிகளாகத் தோன்றுவார்கள். 48 மணி நேரத்துக்குப் பின் எடுப்பதே சிறந்தது. குதிகாலை இளஞ்சூட்டில் வைத்து, நடுப்பகுதியைத் தவிர்த்துப் பக்கவாட்டில் குத்தி, ஒரே பெரிய துளியால் தாளின் வட்டத்தை நிரப்ப வேண்டும்; துளிமேல் துளியாக வைத்தால் அளவு பிசகும்.

தொப்புள்கொடி ரத்தம் இதற்குப் போட்டியாக நிற்பது. குழந்தைக்கு வலி இல்லை. அந்த எகிறலுக்கு முந்தைய ரத்தம் என்பதால் அந்தக் குழப்பமும் இல்லை. எனினும், சிக்கலான பிரசவத்தின் அழுத்தத்தால் அதிலும் டி.எஸ்.எச். உயரக்கூடும், பால் குடித்த பின்னரே வெளிப்படும் வளர்சிதை மாற்றக் கோளாறுகளை அந்த ரத்தத்தில் காணவும் முடியாது. தாயும் சேயும் 48 மணி நேரத்துக்கு முன்பே வீடு திரும்பிவிடும் சூழலில் மட்டும் தொப்புள்கொடி ரத்தம் முன்னிற்கிறது.

எந்த முறையாயினும், குறைமாதக் குழந்தைகளுக்கும் இரட்டையருக்கும் ஒரு சோதனை போதாது. முன்னவர்களுக்கு டி.எஸ்.எச். தாமதமாக உயரலாம், ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்த இரட்டையரிலோ, நலமான குழந்தையின் ரத்தம் கலந்து மற்றதன் குறையை மறைத்துவிடலாம். இரண்டு முதல் நான்கு வாரங்களில் மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

வடிதாளில் டி.எஸ்.எச். லிட்டருக்கு 40 மில்லி யூனிட்டைத் தாண்டியிருந்தால், உறுதி செய்வதற்கான சிரை ரத்தத்தை எடுத்த கையோடு, முடிவுக்குக் காத்திராமல், டி4-இன் செயற்கை வடிவமான லெவோதைராக்ஸின் மருந்தைத் தொடங்குவது வழக்கம். அளவு, நாளொன்றுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 முதல் 15 மைக்ரோகிராம். மாத்திரையா, திரவ மருந்தா என்பதில் நீண்ட வாதத்துக்கு இடமில்லை: முறையான உரிமம் பெற்ற திரவ மருந்து கிடைத்தால் அதுவும் ஏற்றதே, மருந்துக் கடையில் கலந்து தரப்படும் கரைசலில் அளவு நிலைக்காது. மூன்று கிலோ குழந்தைக்கு 25 மைக்ரோகிராம் மாத்திரை ஒன்றரையைக் கரண்டியில் பொடித்து, சில துளி தாய்ப்பாலில் குழைத்து, கன்னத்தின் உட்புறமாகப் புகட்டினால் வேலை முடிந்தது. புட்டிப்பாலில் கலந்தால், குழந்தை மிச்சம் வைக்கும் பாலோடு மருந்தும் போய்விடும். சோயாப் பாலும், இரும்பு மற்றும் கால்சியம் மருந்துகளும் உறிஞ்சுதலைத் தடுப்பதால் அவற்றுக்கு இடைவெளி விட வேண்டும்.

சுரப்பியே இல்லாத குழந்தைக்கு இது ஆயுள் முழுவதற்குமான மருந்து. சுரப்பி உரிய இடத்தில் இருந்து, மருந்தின் தேவையும் கூடாமலிருந்தால், மூளை வளர்ச்சியின் முக்கியக் கட்டம் கடந்த மூன்று வயதுக்குப் பிறகு மருத்துவர் மேற்பார்வையில் சில வாரங்கள் நிறுத்தி, ரத்தத்தை மறுபடி அளந்து பார்ப்பார்கள், அப்போது டி.எஸ்.எச்., டி4 இரண்டையும் சேர்த்தே அளக்கிறார்கள்.