பழைய ஆட்டோமேட்டிக் காருக்கு ப்ளூடூத் ஸ்கேனர் போதுமா?

காரின் சாக்கெட்டில் செருகி எரர் கோடுகளைப் போனில் படிக்க உதவும், ஆயிரம் ரூபாய்க்குள் ஆன்லைனில் கிடைக்கிற இஎல்எம்327 ப்ளூடூத் ஸ்கேனரை, பத்துப் பதினைந்து வருடம் ஓடிய ஆட்டோமேட்டிக் காரின் கியர்பாக்ஸ் கோளாறு பார்க்க வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் அது பெரும்பாலும் எஞ்சின் கம்ப்யூட்டரைத்தான் படிக்கும். கியர்பாக்ஸைக் கவனிக்கும் தனிக் கம்ப்யூட்டரான டிசிஎம்மைப் படிக்காது. இது தெரியாமல் வாங்கினால் ஏமாற்றம்தான்.

பி0700 என்ற எரர் கோடு வந்தால் கியர்பாக்ஸ் போய்விட்டதென்று புதுப்பேட்டையில் பழைய பாக்ஸ் விலை விசாரிக்கக் கிளம்ப வேண்டாம். டிசிஎம்மில் வேறொரு கோடு பதிவாகியிருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள். அந்த அசல் கோடு பி0715 ஆக இருந்தால் இன்புட் வேக சென்சாரோ அதன் வயரோ மாற்றுவதோடு வேலை முடியலாம். பி0730, அதாவது கியர் விகிதம் சரியில்லை என்று வந்தால், உள்ளே கிளட்ச் வழுக்குகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இரண்டுக்கும் செலவு மலைக்கும் மடுவுக்கும். டிசிஎம்மைப் படிக்கும் ஸ்கேனர் உள்ள பட்டறைக்குப் போகும்வரை எந்தக் கோடையும் அழிக்காதீர்கள். கோடு விழுந்த நேரத்து வேகம், ஆர்பிஎம், சூடு ஆகியவையும் சேர்ந்து போய்விடும்.

இந்தக் கருவி காசுக்கு மேல் உழைப்பது லைவ் டேட்டாவில், அதாவது எஞ்சின் ஓடும்போதே வரும் அளவுகளைக் காட்டுவதில்தான். முதலில் கூலன்ட் வெப்பநிலையைப் பாருங்கள். அரை மணி ஓடிய பிறகும் 80 டிகிரியைத் தொடவில்லை என்றால் தெர்மோஸ்டாட் வால்வு இருக்கிறதா என்று கேளுங்கள். சென்னை வெயிலுக்கு எஞ்சின் சூடாகிறது என்று அதைக் கழற்றி எறிந்துவிடும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். எஞ்சின் சூடேறவில்லை என்று நினைத்து டிசிஎம் டார்க் கன்வர்ட்டரை (எஞ்சின் விசையை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) லாக் செய்யாமல் வைத்திருக்கும். மைலேஜ் குறையும், ஆயில் கொதிக்கும், பழி கியர்பாக்ஸ் மேல் விழும்.

அடுத்தது லாக்-அப் சோதனை, அதாவது டார்க் கன்வர்ட்டர் லாக் ஆகிறதா என்று பார்ப்பது. இதற்குக் கூட ஒருவர் வேண்டும், போனைப் பார்ப்பது அவர் வேலை. ஓஎம்ஆரில் காலியான நேரத்தில் 70 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, வண்டி வேகம் குறையாத அளவுக்கு பிரேக் பெடலை லேசாகத் தொடுங்கள். லாக் விடுபட்டு ஆர்பிஎம் இருநூறு, முந்நூறு ஏறி, பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் இறங்கினால் லாக்-அப் வேலை செய்கிறது. அசையவே இல்லை என்றால் லாக் ஆகவில்லை. வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் தானாக எகிறினால் கிளட்ச் வழுக்குகிறது. தனித்தனி கியர்கள் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் சிவிடி கியர்பாக்ஸுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஹோண்டா சிட்டி இசட்எக்ஸ் சிவிடியில் டார்க் கன்வர்ட்டரே கிடையாது, ஸ்டார்ட் கிளட்ச்தான். அதில் நகரத் தொடங்கும்போது வரும் உதறலைத்தான் கவனிக்க வேண்டும்.

ஸ்கேனரால் ஆயிலைப் பார்க்க முடியாது. டிப்ஸ்டிக் இருக்கும் காரில் முதல் வேலையே அதுதான். கருத்துத் தீய்ந்த வாடை வந்தால் கிளட்ச் தேய்மானம். ஸ்ட்ராபெரி மில்க்‌ஷேக் போல இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது: ஒன்று ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் உடைந்திருக்கும், அல்லது வேளச்சேரி, முடிச்சூர் போன்ற இடங்களில் வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கும். அப்படிப்பட்ட வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் டோ செய்து கொண்டுபோவதே நல்லது.

இந்த ஸ்கேனர் பேசும் ஓபிடி 2 என்ற கோளாறு கண்டறியும் முறை இந்தியாவில் கட்டாயமானது 2013 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய காரில் 16 பின் சாக்கெட் இருந்தாலும் இணைப்பு கிடைக்காமல் போகலாம். வாங்குமுன் திருப்பித் தரும் வசதி உண்டா என்று பாருங்கள். கே-லைன் என்ற பழைய ஒற்றை வயர் இணைப்பில் பேசும் கார்களில் தகவல் மெதுவாக வரும், ஆகவே திரையில் ஆர்பிஎம், வேகம் இரண்டை மட்டும் வையுங்கள். சாதாரண ப்ளூடூத் மாடல் ஐபோனோடு சேராது, வைஃபை மாடல் வாங்குங்கள். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். சாக்கெட்டிலேயே விட்டால் நிற்கும் காரின் பேட்டரியை அது குடித்துக்கொண்டே இருக்கும்.