"மெட்டீரியலோட சேர்த்து அடிக்கு இவ்வளவு" என்று பேசுகிறவரிடம் உஷார்: மதுரையில் டைல்ஸ் போட்டு ஏமாற்றப்பட்ட விவரம்

பழைய மொசைக் தரைக்கு மேல் டைல்ஸ் ஒட்டலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஓய்வூதியக்காரர்கள் கட்டாயம் இதைப் படியுங்கள். சாமான், கூலி எல்லாம் சேர்த்து மொத்தமாகப் பேசிய ஓர் ஒப்பந்தக்காரரால் எங்கள் வீட்டுக் கூடமும் அடுப்படியும் நாசமாகிக் கிடக்கின்றன. புகார் நடப்பதால் பெயர் சொல்லவில்லை. ஏமாற்றிய விதம் தெரிந்தால் போதும், ஆள் யாராக இருந்தாலும் நீங்களே பிடித்துவிடுவீர்கள்.

நாங்கள் கேட்டது வழுக்காத தரை. நானும் வீட்டுக்காரரும் அறுபதைத் தாண்டியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என்றால் என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற டீச்சர்கள் வீட்டுக்கு வருவார்கள். நாட்டுக்கோழிக் குழம்பு, கிடைத்தால் அயிரை மீன், இல்லாவிட்டால் பருப்புருண்டைக் குழம்பு என்று பெரிய சட்டியில்தான் சமையல். அப்படிப்பட்ட அடுப்படியில் எண்ணெயும் தண்ணீரும் சிந்தத்தான் செய்யும். அதனால் பளபளக்காத மேட் ஃபினிஷ், தண்ணீர் உறிஞ்சாத விட்ரிஃபைட் கல், 2×2 அடி, பிரீமியம் கிரேடு, ஒட்டுவதற்கு அட்ஹெசிவ் என்று எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தோம். மாதிரிக் கல்லையும் காட்டினார். கையால் தடவிப் பார்த்து ஒப்புக்கொண்டோம்.

உசிலம்பட்டியில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு நாங்கள் போன சமயம் பார்த்து லோடு இறக்கி, வேகவேகமாக ஒட்டி முடித்துவிட்டார். வந்து பார்த்தால் தரையில் முகம் தெரிகிறது. "இது மேட் இல்லையே" என்றேன். "மேல மெழுகு இருக்கும்மா, நாலு தடவ தொடச்சா மேட்டாயிரும்" என்றார். பச்சைப் பொய். பளபளப்பு ஆலையிலேயே கல்லோடு வருவது, துடைத்துப் போகாது.

அந்த வாரம் டீச்சர்கள் வந்தபோது, அடுப்படியில் குழம்புச் சட்டியோடு திரும்பிய அக்காவுக்குக் கால் வழுக்கிவிட்டது. மேடையைப் பிடித்ததால் தப்பித்தார். கொதிக்கிற குழம்பு அது! நினைத்தால் இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. எங்கள் கூட்டத்தில் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்த அக்கா ஒருவர் உண்டு. சாப்பிட்டு முடித்ததும் மோர் கடைகிற மத்தை எடுத்து, அதன் காம்பால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிக்கொண்டே போனார். "டீச்சர், இங்கிட்டு வந்து கேளுங்க. வெறும் பானையத் தட்டுன மாதிரி இருக்கா? அடியில பூராம் காத்து" என்றார்.

ஒரு கல்லைப் பெயர்த்துப் பார்த்தோம். நாலு மூலையிலும் நடுவிலும் சிமெண்டுக் கலவையை உருண்டையாக வைத்து அமுக்கியிருக்கிறார். அட்ஹெசிவ் பொடியே படவில்லை. பாலிஷ் ஏறிய மொசைக்கைக் கொத்திவிடவும் இல்லை. வழவழப்பான பழைய தரையில் சிமெண்டு பிடிக்காது. கொத்திச் சொரசொரப்பாக்க வேண்டும், இல்லையென்றால் அதற்கேற்ற அட்ஹெசிவைப் பல் கரண்டியால் கல்லடி முழுக்க இழுத்துவிட வேண்டும். அடியில் காற்று நின்றால் கனமான சாமான் விழும் இடத்தில் கல் உடையும். அம்மி, உரல், கிரைண்டர் இருக்கிற வீட்டில் கேட்கவே வேண்டாம்.

கல்லும் வேறு. காலிப் பெட்டிகளை எல்லாம் அவர் அள்ளிக்கொண்டு போய்விட்டார். சித்தாள் வேலைக்கு வந்த அம்மா, சின்ன வெங்காயம் கொட்டி வைக்க ஆகும் என்று எனக்காக ஒன்றை எடுத்து வைத்திருந்ததுதான் எங்களைக் காப்பாற்றியது. அதில் 'செராமிக்', 'குளோஸி' (பளபளப்பு), 'ஸ்டாண்டர்ட்' (பிரீமியத்துக்குக் கீழான கிரேடு) என்று அச்சாகியிருக்கிறது. உடைந்த துண்டின் பின்பக்கத்தில் தண்ணீர் விட்டோம், உடனே உறிஞ்சிவிட்டது. விட்ரிஃபைட் கல் தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. விட்ட தண்ணீர் அப்படியே நிற்கும். இந்தச் சோதனைக்குக் காசே வேண்டாம், லோடு இறங்கியதும் வாசலிலேயே செய்துவிடலாம்.

அளவிலும் கை வைத்திருந்தார். 2×2 என்று சொல்லும் கல் உண்மையில் 600×600 மில்லிமீட்டர். நாலு கல் உள்ள பெட்டி 1.44 சதுர மீட்டர், அதாவது 15.5 சதுர அடி. அவர் 16 போட்டிருக்கிறார். அறுபது பெட்டி வாங்கினால் முப்பது அடிக்குச் சும்மா பணம் போகிறது. தரை உயர்ந்ததால் கதவடி இழைத்ததற்குத் தனிக் காசு, சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங்குக்குத் தனிக் காசு. பேசும்போது எல்லாம் "உள்ளேயே அடங்கிரும்மா" என்றவர்தான்.

அன்று மதியம் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து அவரவர் வீட்டுத் தரைக் கதையைச் சொன்னோம். ஒரு டீச்சருக்கு ஆத்தங்குடிக் கல் என்று சொல்லி, அந்தப் பூ டிசைன் அச்சடித்த சாதாரண டைல்ஸைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். நிஜ ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடாதது. கண்ணாடித் தட்டின் மேல் சாயக் கலவையும் சிமெண்டும் மணலும் வார்த்துத் தண்ணீரில் பதமாக்குவது. கையால் செய்வதால் ஒன்றுக்கொன்று சின்ன வித்தியாசம் இருக்கும். அச்சுப் பிசகாமல் எல்லாமே ஒன்றுபோல் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: கல்லை நீங்களே கடையில் வாங்குங்கள், கூலியை மட்டும் பேசுங்கள். 'எஸ்டிமேட்' என்று நீட்டும் துண்டுச் சீட்டை வாங்காதீர்கள், ஜிஎஸ்டி பில் கேளுங்கள். பெட்டியில் உள்ள கிரேடு, பேட்ச், ஷேடு எண்களைப் போட்டோ எடுங்கள். பேட்ச் மாறினால் நிறம் மாறலாம். எல்லாக் கல்லையும் தட்டிப் பார்த்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.

எங்களிடம் கடைசித் தவணை இன்னும் இருக்கிறது. அதைக் கேட்டுத்தான் முதலில் கத்தினார். இப்போது ஃபோன் எடுப்பதில்லை. பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. முதலில் யோசனை கேட்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். ஒப்பந்தத் தாள், வெங்காயப் பெட்டி, பெயர்த்த கல், மூன்றும் பத்திரமாக இருக்கின்றன.

எங்கள் தெருவில் இன்னொரு வீட்டிலும் அவர் அளவெடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நேற்றுத்தான் தெரிந்தது. அவர்களைக் கூட்டிவந்து, கையில் மத்தைக் கொடுத்துத் தரையைத் தட்டிப் பார்க்கச் சொன்னேன். அட்வான்ஸ் கொடுக்கவில்லை.