ஜெட் மாடலுக்கு எரிபொருள்: கைப்பம்பா, நாமே கட்டிய பெட்டியா, கடைப் பெட்டியா?

டர்பைன் மாடல், அதாவது சின்ன ஜெட் எஞ்சின் வைத்த ரேடியோ கன்ட்ரோல் விமானம், வாங்க நினைப்பவர் எஞ்சினைப் பற்றி ஆறு மாதம் யோசிப்பார். விமான டேங்குக்குள் மண்ணெண்ணெய் எப்படிப் போகப்போகிறது என்பதை முதல்முறை பறக்கவிடுவதற்கு முந்தைய ராத்திரிதான் யோசிப்பார். நானும் அப்படித்தான். டெக்சஸில் சில வருடங்களாக ஜெட் பறக்கவிடுகிறேன். கைப்பம்பு, நானே கட்டிய பெட்டி, கடையில் வாங்கிய பெட்டி என்று மூன்றையும் வைத்திருந்து பார்த்துவிட்டேன். பெட்டி என்றால் கேனும் மின்பம்பும் சேர்ந்த, எரிபொருள் நிரப்பும் சாதனம்.

எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்பதிலிருந்து தொடங்கலாம். 100 நியூட்டன் உந்துவிசை உள்ள எஞ்சின் முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு லிட்டர் குடிக்கும். ஏழெட்டு நிமிடம் பறந்தால் இரண்டு லிட்டருக்குச் சற்று மேலே போகும். ஒரு நாளில் நான்கு தடவை பறந்தால் பத்து லிட்டர். 200 நியூட்டனைத் தாண்டிய பெரிய எஞ்சின் என்றால் இதையே இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இந்த எஞ்சின்களில் பேரிங்குகளுக்குத் தனி எண்ணெய் கிடையாது. எரிபொருளில் கலந்த டர்பைன் ஆயில்தான் அவற்றை நனைக்கிறது. பெரும்பாலான எஞ்சின்களுக்கு 5 சதவீதம். அமெரிக்காவில் இதற்கு ஒரு சௌகரியம் உண்டு: 5 காலன் கேனில் ஒரு குவார்ட் (கால் காலன்) டப்பாவைக் கவிழ்த்தால் கணக்குச் சரியாக 5 சதவீதம் வந்துவிடும். அந்த ஆயில் தோலுக்கு நல்லதல்ல, கையுறை போட்டுக்கொண்டு ஊற்றுங்கள்.

சரி, கைப்பம்பு. கேன் மூடியில் இரண்டு குழாய், நடுவில் சுற்றுகிற கைப்பிடி வைத்த சின்னப் பம்பு, அவ்வளவுதான். ஊரில் ரேஷன் மண்ணெண்ணெய் நீலமாக இருக்கும். இங்கே மண்ணெண்ணெய்க்கான கேன்தான் நீலம், சிவப்பு பெட்ரோலுக்கு, மஞ்சள் டீசலுக்கு. முதல் நாள் அந்த நீலக் கேன் பக்கத்தில் குத்துக்காலிட்டுக் கைப்பிடியைச் சுற்றியபோது ரேஷன் கடை வரிசைதான் ஞாபகம் வந்தது. மூன்று லிட்டர் டேங்கை நிரப்புவதற்குள் தோள் வலித்துவிடும். பக்கத்தில் நிற்பவர் பொத்தானைத் தட்டிவிட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருப்பார்.

ஆனால் கைப்பம்பில் இருக்கும் ஒரு குணம் மற்ற இரண்டிலும் இல்லை. கைக்கு விஷயம் தெரியும். எங்காவது அடைத்திருந்தால் கைப்பிடி இறுகும்.

இதன் அருமை மின்பம்புக்கு மாறிய முதல் மாதத்திலேயே புரிந்தது. காரில் கொண்டுபோகும்போது மண்ணெண்ணெய் கசியாமல் இருக்க, டேங்கின் காற்றுப்போக்கி வாயில் ஒரு மூடி போட்டு வைப்போம். அன்று அதை எடுக்க மறந்துவிட்டேன். பம்பை ஓடவிட்டுவிட்டு ரேடியோவின் பேட்டரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். டேங்க் பலூன்போல் வீங்கி, ஒட்டு விட்டு, பக்கத்துச் சட்டத்தையும் பெயர்த்திருந்தது. உடற்பகுதி முழுக்க மண்ணெண்ணெய். ரிசீவரையும் வயர்களையும் துடைத்துக் காயவைக்க ஒரு வாரம் ஆனது, வாசனை போக ஒரு மாதம். கைப்பம்பாக இருந்திருந்தால் பத்தாவது சுற்றிலேயே கை நின்றிருக்கும்.

அதனால் ஒரே ஒரு சின்ன ஜெட், மாதம் ஒருநாள் மைதானம் என்பவருக்குக் கைப்பம்பே போதும். அதைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை.

இப்போது நாமே கட்டுவது. என் மனம் இதில்தான் இருக்கிறது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கெட்டியான பாலிஎத்திலின் கேன், 12 வோல்ட் கியர் பம்பு, முன்னும் பின்னும் சுற்ற வைக்கும் சுவிட்ச், ஒரு பழைய லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, வடிகட்டி, குழாய். எனக்கு நூற்றுச் சொச்சம் டாலரில் முடிந்தது. தவறு செய்ய இடம் உள்ளவை மூன்று.

ஒன்று, குழாய். மெத்தனால் எஞ்சின் காலத்து சிலிக்கான் குழாய் டப்பாவில் கிடக்கிறதே என்று அதைப் போட்டால், மண்ணெண்ணெயில் ஊறி உப்பி, இணைப்பிலிருந்து தானாக வழுக்கி வந்துவிடும். டைகான் என்ற பிராண்டில் எரிபொருளுக்கென்று வரும் மஞ்சள் குழாயை வாங்குங்கள்.

அப்புறம் வடிகட்டியின் இடம். நிறையப் பேர் அதைக் கேனுக்கும் பம்புக்கும் நடுவில் வைக்கிறார்கள். உறிஞ்சும் பக்கம் தடை இருந்தால் பம்பு திணறும், குழாயில் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும். கேனுக்குள் குழாய் நுனியில் பெரிய கண் சல்லடை மட்டும் போதும், பம்பின் பற்களைக் காப்பாற்ற. நுண்ணிய வடிகட்டி பம்புக்கு அடுத்து வரட்டும்.

குமிழிக்கு ஏன் இவ்வளவு பயம்? டர்பைனுக்குள் போகும் ஒரு காற்றுக் குமிழி போதும், சுடர் அணைந்துவிடும். அதற்காகத்தான் டேங்குக்கும் எஞ்சின் பம்புக்கும் நடுவில் காற்றைப் பிடித்துவைக்கும் சின்ன டேங்க் ஒன்று வைக்கிறோம். பாப் வயலெட் நிறுவனத்தின் 'யுஏடி' இதில் பிரபலம். பெரும்பாலும் நிரப்புவதும் அதன் வழியாகத்தான், எரிபொருள் அதில் நுழைந்து பின்பக்கமாகப் பெரிய டேங்குக்குப் போகும். ஆகவே கேனில் இருக்கும் தூசியும் காற்றும் முதலில் போய்ச் சேர்வது அங்கேதான். விமானத்தில் மாட்டுமுன் குழாய் நுனியைக் கேனுக்குள்ளேயே விட்டு அரை நிமிடம் ஓட்டுங்கள். குமிழி நின்று, தண்ணீர்போல் தெளிவாக ஓடிய பிறகு மாட்டுங்கள்.

மூன்றாவது, சுவிட்ச். மண்ணெண்ணெய் வகையான ஜெட் எரிபொருளுக்கு ஆவி தீப்பற்றும் வெப்பநிலை குறைந்தபட்சம் 38 டிகிரி செல்சியஸ். படிக்கும்போது பாதுகாப்பாகத்தான் தோன்றும். ஆகஸ்ட் மாத டெக்சஸ் ஓடுபாதையில் வெயிலில் கிடக்கும் கேன் அந்த அளவைத் தாண்டிவிடும். தீப்பொறி விடும் கார்பன் பிரஷ் மோட்டாரையும் சுவிட்சையும் கேன் மூடிக்கு மேலேயே, அதுவும் மூடிய பெட்டிக்குள் வைப்பது வினையை விலைக்கு வாங்குவது. என்னுடையதில் பேட்டரியும் சுவிட்சும் ஒரு முழ வயரில் தனியாகத் தொங்குகின்றன. பார்க்க அழகாக இல்லை, கிளப்பில் கேலிகூடச் செய்கிறார்கள். போகட்டும்.

கடைப் பெட்டிக்கு வருவோம். விலை சில நூறு டாலர். பிரஷ் இல்லாத மோட்டார், அடுக்கான பெட்டி, சிலவற்றில் திரை. பம்பின் சுற்றுகளை எண்ணி எத்தனை லிட்டர் போனது என்று காட்டும், நாம் குறித்த அளவில் தானே நிற்கும். முதலில் இதை அலங்காரம் என்று நினைத்தேன். இரண்டு மாதம் பயன்படுத்தியதும் பாதி மனம் மாறியது. தரை இறங்கியபின் திரும்ப நிரப்ப எவ்வளவு பிடித்தது என்று பார்த்தால் அந்தத் தடவை எவ்வளவு செலவானது என்று தெரியும். வழக்கமாக 2.2 லிட்டர் பிடிக்கும் விமானம் ஒருநாள் 2.6 பிடித்தால் எங்கோ கசிவு, அல்லது பறக்கும் நேரத்துக்கு வைத்த டைமர் தவறு. இந்தத் தகவல் பணம் பெறும்.

ஆனால் எண்ணிக்கை சரியாக வர, தெரிந்த அளவுள்ள பாத்திரத்தில் ஊற்றி நாமே அளவு திருத்த வேண்டும். பழுதானால் திறந்து பார்ப்பதும் கடினம். என்னுடையதில் சர்க்யூட் போர்டு போன அன்று நல்ல பம்பு உள்ளே இருந்தும் சுற்ற வழியில்லாமல் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பெரிய ஜெட் இரண்டு மூன்று வைத்திருப்பவர், போட்டிகளுக்கும் விழாக்களுக்கும் போகிறவர் வாங்கட்டும். வாங்கினாலும் ஒரு கைப்பம்பைக் காரில் போட்டு வையுங்கள்.

என் பங்குக்கு, நானே கட்டியதற்குத் திரும்பிவிட்டேன். கேனில் லிட்டர் கோடுகளை மார்க்கர் பேனாவால் போட்டிருக்கிறேன், திரை செய்த வேலையில் முக்கால்வாசியை அது செய்கிறது. காற்றுப்போக்கியிலிருந்து வழிவது புல்லில் கொட்டாமல் இருக்க ஒரு அரை லிட்டர் பாட்டில். அந்த டேங்க் வெடித்த நாளுக்குப் பிறகு சேர்த்தது ஒன்றுதான்: விமானத்தில் நிரப்பும் வாயின் மூடியையும் காற்றுப்போக்கியின் மூடியையும் ஒரு விரல் நீளச் சிவப்பு நூலில் சேர்த்துக் கட்டிவிட்டேன். ஒன்றைக் கழற்றினால் மற்றதும் கூடவே வந்தாக வேண்டும்.