கோரைக்கும் அறுகுக்கும் எது கைகொடுத்தது? பல பருவ அனுபவம்

கோரையும் அறுகும் மண்டிய நிலத்தில் பல வருடங்களாக வெள்ளாமை செய்துவருகிறேன். கையால் பறிப்பது, கோடை உழவு, களைக்கொல்லி, பிளாஸ்டிக் விரிப்பு, பசுந்தாள் பயிர் என எல்லாவற்றையும் ஒவ்வொரு பருவமாகப் பார்த்தாயிற்று. மருந்து அடித்த இரண்டாவது வாரத்தில் எந்தக் களையும் காய்ந்துதான் கிடக்கும். அடுத்த பருவத்தில் அதே இடத்தில் என்ன தலைநீட்டுகிறது என்பதை வைத்துத்தான் ஒரு முறையை எடைபோட முடியும். அந்தக் கணக்கில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், மண்ணுக்கு அடியில் இருப்பதை ஒருதடவை கண்ணால் பார்த்துவிடுங்கள். கோரையை மேலே பிடித்து இழுத்தால் பட்டென்று அறுந்து வெள்ளைத் தண்டு மட்டும் கையோடு வரும். அதே இடத்தில் மண்வெட்டியை ஆழமாக இறக்கிப் புரட்டினால் அடியில் ஒரு சின்னக் குமிழ், அதிலிருந்து மெல்லிய கம்பி போல ஓடும் அடித்தண்டு, அதன் முனையில் கறுத்த கிழங்கு, அந்தக் கிழங்கிலிருந்து இன்னொரு கம்பி, இன்னொரு கிழங்கு என்று போய்க்கொண்டே இருக்கும். நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளையாக, நல்ல வாசனையோடு இருக்கும். இந்தச் சங்கிலி அறுபடாமல் இருக்கும்வரை முனையில் உள்ள கிழங்குதான் பெரும்பாலும் முளைக்கும்; மற்றவை உறங்கும். சங்கிலியைத் துண்டு துண்டாக்கினால் உறங்கிய கிழங்கெல்லாம் தனித்தனியாக எழுந்துவிடும். களை எடுத்த பதினைந்தாம் நாள் முன்பைவிட அடர்த்தியாகப் பச்சை கட்டுவதற்குக் காரணம் இதுதான். நாம் சண்டை போட வேண்டியது இலையோடு அல்ல, அந்தக் கிழங்கில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்தோடு.

அறுகு மண்ணுக்கு மேலேயும் ஓடும், கீழேயும் ஓடும். ஒரு கணு உள்ள துண்டு ஈரத்தில் கிடந்தால் போதும், வேர் விட்டுவிடும். அதனால் அறுகு உள்ள ஈர நிலத்தில் ரோட்டவேட்டர் ஓட்டுவதை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன். அது தண்டைப் பொடிப்பொடியாக நறுக்கி நிலம் முழுக்க நடவு செய்துகொடுக்கிறது. அன்றைக்குப் பார்க்க நிலம் மெத்தை மாதிரி அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

கொக்கிக் கலப்பை வேறு ரகம். காய்ந்த மண்ணில் ஓட்டினால் அறுகை நீளநீளமாக இழுத்து மேலே போடும். அதை வாரி வெளியேற்றிவிட்டு, சில நாள் வெயில் காயவிட்டு, குறுக்கே மறுபடி ஓட்ட வேண்டும். கோரைக் கிழங்கில் பெரும்பகுதி மேல் 15 செ.மீ. மண்ணுக்குள்தான் இருக்கிறது, ஈரம் வற்றினால் செத்தும் போகிறது. ஆகவே கோடை உழவுக்கு நான் முழு மதிப்பெண் கொடுக்கிறேன், ஒரு நிபந்தனையோடு: நடுவில் மழை பெய்யக்கூடாது. பெய்தால் எல்லாம் முளைத்துக்கொள்ளும். அப்படி முளைத்தாலும் பதற வேண்டாம், அடுத்த கட்டத்துக்கு அதுவே சரியான சமயம்.

அடுத்த கட்டம் என்றால் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி. 41 சதவீத திரவம், லிட்டருக்கு 10 மி.லி., கூடவே 20 கிராம் அம்மோனியம் சல்பேட் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. உங்கள் டப்பாவின் லேபிள் என்ன சொல்கிறதோ அதுவே முடிவு. உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் மருந்தைப் பிடித்துக்கொள்ளும், சல்பேட் அதைத் தடுக்கும். கலங்கல் தண்ணீரும் கூடாது, களிமண் துகளில் ஒட்டிய மருந்து வேலை செய்யாது. இந்த மருந்து இலை வழியே இறங்கி, செடி சர்க்கரையை எங்கே அனுப்புகிறதோ அங்கே போகும். அதனால் அடிப்பதற்கு முன்னால் களையை வெட்டக்கூடாது, வாடவிடக்கூடாது. ஈரம் இருந்து, இலை நன்றாக விரிந்து, பூ தள்ளும் நேரத்தில் அடித்தால்தான் அடிக்குப் போகும். அடித்தபின் குறைந்தது ஆறு மணி நேரம் மழை இல்லாமலும், ஒரு பத்து நாளாவது உழவு இல்லாமலும் இருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் உறங்கும் கிழங்குக்குச் சர்க்கரையும் போகாது, மருந்தும் போகாது. ஒரே அடியில் கோரை ஒழியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மறுமுளைப்பு வரும், அதை இலை விரியவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். என் நிலத்தில் இரண்டாவது பருவத்துக்குப் பிறகுதான் அடர்த்தி கண்ணுக்குத் தெரிந்து குறைந்தது. பயிர் நிற்கும்போது, மருந்து பயிரில் படாதபடி முனையில் கூண்டு பொருத்திய தெளிப்பானில், காற்று அசையாத காலையில் மட்டும் அடிக்க வேண்டும். இதற்கென்று தனித் தெளிப்பான் வைத்துக்கொள்ளுங்கள்.

உடல்நல விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் கிளைபோசேட்டை ‘புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளது’ என்ற வகையில் வைத்தது. பல நாடுகளின் கட்டுப்பாட்டு அமைப்புகள் அந்த முடிவோடு ஒத்துப்போகவில்லை. விவாதம் எப்படிப் போனாலும், கையுறை, முகக்கவசம், முழுக்கை சட்டை, பூட்ஸ் இல்லாமல் யாரையும் தெளிக்க அனுப்பாதீர்கள். கூலிக்கு வருபவருக்கும் அதே உடம்புதான். சில நாடுகளில் இதற்குத் தடையோ கட்டுப்பாடோ இருக்கிறது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மக்காச்சோளம், கரும்பு போட்ட இடத்தில் நான் அடிப்பது ஹாலோசல்ஃப்யூரான் மீத்தைல் என்ற களைக்கொல்லி: நீரில் கரைத்துத் தெளிக்கும் 75 சதவீத குருணை, ஏக்கருக்கு 36 கிராம். பயிருக்குச் சேதம் இல்லாமல் கோரையை மட்டும் தேடிப் பிடிக்கிறது, அது பெரிய நிம்மதி. ஆனால் மெதுவாகத்தான் தெரியும். முதல் வாரத்தில் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும், அப்புறம்தான் நடுக்குருத்து மஞ்சளாகும். பொறுமை இழந்து மேலே வேறு மருந்தை அடிக்க வேண்டாம். அறுகை இது அசைக்கக்கூட இல்லை. அடுத்து காய்கறி வைப்பதாக இருந்தால் எத்தனை மாத இடைவெளி என்று லேபிளில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கறுப்பு பிளாஸ்டிக் மூடாக்குத் தாள் மற்ற களைகளுக்கு அருமை, கோரைக்கு உதவாது. குருத்தின் முனை ஊசி போலத் தாளைத் துளைத்து மேலே வந்துவிடும். கண்ணாடி போல வெளிச்சம் ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் நடப்பதோ வேறு: வெளிச்சம் பட்டதும் குருத்து உள்ளேயே இலையை விரித்துவிடும், விரிந்த இலையால் துளைக்க முடியாது, அடியில் கிடந்து வெந்து போகும். நிலத்தை நனைத்து, ஓரத்தை மண்போட்டு இறுக்கி, உச்சக் கோடையில் நாலிலிருந்து ஆறு வாரம் மூடி வைக்க வேண்டும். ஆழத்துக் கிழங்கு தப்பிக்கும் என்பதாலும் செலவாலும் நாற்றங்காலோடு நிறுத்திக்கொண்டேன்.

இவை எல்லாவற்றையும்விட நான் அதிகம் நம்புவது நிழலை. கோரைக்கும் அறுகுக்கும் முழு வெயில் வேண்டும். நிழலில் கிழங்கு கட்டுவது வெகுவாகக் குறைகிறது. உழவோ தெளிப்போ முடிந்த கையோடு சணப்பையோ தட்டைப்பயறையோ நெருக்கமாக விதைத்துவிடுகிறேன். தட்டைப்பயறு படர்ந்து மூடிய பிறகு கொடியை விலக்கிப் பார்த்தால், கோரை வெளிறிப்போய், நூல் மாதிரி நீண்டு, நிற்க முடியாமல் சாய்ந்து கிடக்கும். அந்த நிலையில் பிடுங்கினால் அடியில் புதுக்கிழங்கு அநேகமாக இருப்பதில்லை. நிலத்தைச் சும்மா போட்டு வைக்கும் பருவத்தில்தான் இந்த உழைப்பெல்லாம் வீணாகிறது. நீர் வசதி உள்ளவர்கள் ஒரு பருவம் சேற்று நெல் போட்டாலும் மேட்டுநிலக் கோரை நன்றாக அடங்கும்.

இப்போது என் நிலத்தில் கோரை திட்டுத் திட்டாகத்தான் இருக்கிறது, பெரும்பாலும் வரப்போரத்திலும் வாய்க்கால் முனையிலும். கோரை விதையால் பரவுவது அரிது. கிழங்கு மண்ணோடு ஒட்டித்தான் பயணம் போகிறது. அதனால் வாடகைக்கு வரும் டிராக்டரின் கலப்பையை உள்ளே விடும் முன்பே தட்டிச் சுரண்டிக் கழுவச் சொல்கிறேன். வெளியிலிருந்து வரும் எருவையும் நாற்றுப் பை மண்ணையும் ஒரு மூலையில் கொட்டி, நனைத்து, முளை வருகிறதா என்று சில வாரம் பார்த்துவிட்டுத்தான் பயிருக்குக் கொண்டுபோகிறேன்.