மூன்று மலிவு போன்கள்: எதில் பணம் போடலாம்?

பேசி முடித்ததும் தூக்கி எறியும் செல்போன் என்று ஒன்று வந்தால் அதற்கு வேலூரைவிட நல்ல சந்தை கிடைக்காது. சிஎம்சி மருத்துவமனை எதிரே காந்தி ரோடு லாட்ஜ்களில் மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கிலிருந்து சிகிச்சைக்கு வந்து வாரக்கணக்கில் தங்குகிறார்கள். ஊருக்குத் தகவல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், அப்புறம் கிளம்பிவிடுவார்கள். சரி, அப்படியொரு சின்னக் கம்பெனி முதலீடு கேட்டு வந்தால் போடலாமா? மிக மலிவு என்று ஏற்கெனவே அறிவித்த மூன்று போன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது, அமெரிக்காவில் பொம்மைகள் வடிவமைத்துக்கொண்டிருந்த ரேண்டிஸ்-லிசா ஆல்ட்ஷுல் 1999-ல் காப்புரிமை வாங்கிய காகித போன். ஏடிஎம் கார்டு அளவு, காகிதத்தில் அச்சடித்த மின்சுற்று. கடைக்கு வரவேயில்லை. இதில் ஏமாற்றுவார்களோ என்ற பயம் இல்லை. பொருள் எப்போது வரும் என்பதுதான் கேள்வி, அதற்குப் பதிலும் இல்லை.

இரண்டாவது, கலிபோர்னியாவின் ஹாப்-ஆன் கம்பெனி அறிவித்த எறியும் போன். 60 நிமிடப் பேச்சோடு சுமார் 40 டாலர், திரை கிடையாது. 2002-ல் ஒரு அமெரிக்க நாளிதழ் சாம்பிளைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருந்தது நோக்கியா. மூன்றாவது நம் நாட்டுச் சரக்கு: 2016 பிப்ரவரியில் நொய்டாவின் ரிங்கிங் பெல்ஸ் அறிவித்த ஃப்ரீடம் 251. ஸ்மார்ட்போன், விலை 251 ரூபாய். பத்திரிகையாளர்களுக்குக் கொடுத்த சாம்பிளில் அட்காம் என்ற பெயர் இருந்தது. அதை ஒயிட்னர் தடவி மறைத்திருந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட இன்னும் சுத்தமாக அழிப்பார்கள்!

இரண்டிலும் குறை ஒன்றேதான், அடுத்தவர் போனைத் தன் போன் என்று காட்டியது. ஆனால் முதலீட்டாளருக்கு இரண்டும் ஒன்றல்ல. ஹாப்-ஆன் சொன்ன விலை நம்பும்படி இருந்தது, அதனால் பிரித்துப் பார்க்கும்வரை சந்தேகம் வராது. 251 விஷயத்தில் பிரிக்கவே வேண்டாம். உதிரி பாகங்களுக்கே 2,000 ரூபாய்க்கு மேல் ஆகும் என்று செல்போன் துறையினர் அப்போதே சொன்னார்கள். பணம் மாட்டிக்கொள்ளும் விதமும் வேறு. ஹாப்-ஆன் பங்கை நஷ்டத்துக்காவது விற்றுத் தொலைக்கலாம். 251-ல் விநியோகஸ்தர்கள் முன்பணம் கட்டினார்கள். அப்படிக் கட்டிய ஒருவர் கொடுத்த புகாரில்தான் 2017-ல் கம்பெனி நிறுவனர் கைதானார். பணம் கட்டிவிட்டு நிற்பது என்னவென்று 2022 ஐஎஃப்எஸ் நிதி நிறுவன மோசடிக்குப் பிறகு வேலூர் காட்பாடிப் பக்கம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

முதலீடு கேட்டு வந்த ஆள் நாணயமானவர் என்றே வைத்துக்கொள்வோம். எனக்குப் பெரிய சந்தேகம் அதற்குப் பிறகுதான் வருகிறது. 2003-ல் இன்கமிங் இலவசமானது, அதே வருடம் நோக்கியா 1100 வந்தது. வருடக்கணக்கில் உழைக்கும் போனே மலிவாகக் கிடைக்கும்போது எறிகிற போனை யார் வாங்குவார்கள்? 2016-ல் ஜியோ வந்ததும் ரோமிங் செலவும் போயிற்று. லாட்ஜில் தங்குபவர் ஊரில் பேசும் அதே நம்பரில் இங்கேயும் பேசுகிறார். சிம் வாங்க அடையாளச் சரிபார்ப்பு வேண்டும் என்பதால் பெட்டிக்கடையில் தொங்கவிட்டு விற்கவும் முடியாது. போதாததற்கு, 2022 மின்கழிவு விதிகளின்படி மறுசுழற்சிப் பொறுப்பு தயாரிப்பாளர் தலையில். எறிவதற்கென்றே செய்கிற பொருளுக்கு அந்தச் செலவு எவ்வளவு வரும் என்று திட்ட அறிக்கையில் தனி வரி இல்லாவிட்டால் மேற்கொண்டு படிக்க வேண்டாம்.

மூன்றில் ஆல்ட்ஷுலுக்கு மரியாதை கொடுப்பேன், பணம் கொடுக்க மாட்டேன். மற்ற இரண்டுக்கும் இரண்டுமே கிடையாது.

இதற்கு மேலும் ஆசை விடவில்லை என்றால், சாம்பிள் கைக்கு வந்ததும் *#06# அழுத்துங்கள். திரையில் வரும் 15 இலக்க எண்ணை, முன்னால் ஆங்கிலத்தில் கேஒய்எம் என்று போட்டு ஓர் இடைவெளி விட்டு, 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். அது எந்தக் கம்பெனியின் எந்த மாடல் என்று தொலைத்தொடர்புத் துறையே பதில் அனுப்பும். கேட்டு வந்தவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே செய்யலாம்.