கடலூர் பக்கம் ஒரு அரசு முதியோர் இல்லம்: சோறு சரி, ராத்திரிதான் கவலை

சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மதியம் குழைய வடித்த சோறு, கீரைக் கூட்டு. பல் இல்லாதவர்களுக்கு மசித்தே தருகிறார்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளுக்கும் தட்டுப்பாடு இல்லை. ஆனால் எல்லாருடையதும் ஒரே பையில் கிடக்கிறது. ஆளுக்கொரு டப்பா, மேலே பெயர், காலை - இரவு பிரிப்பு. இதற்கு நிதி ஒதுக்கீடா வேண்டும்?

கழிப்பறை மோசம். வெஸ்டர்ன் பேசின் இருக்கிறது, பிடித்து எழக் கம்பி இல்லை. வழுவழு டைல்ஸ், தடுக்கும் வாசற்படி. இடுப்பெலும்பு முறிய இது போதும்.

இரவில் ஒரே உதவியாளர். படுத்த படுக்கையாக இருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். தனி ஆள் தூக்க முடியாமல் இழுப்பார். தோல் உரசும், படுக்கைப்புண் அங்கேதான் பிடிக்கும். காற்று மெத்தை வாங்கியிருக்கிறார்கள், அதன் மோட்டார் அலமாரியில் தூங்குகிறது.

ஜெனரேட்டர் தரைமட்டத்தில். 2015 வெள்ளம் பார்த்த மாவட்டத்தில் இப்படியா?

மூத்த குடிமக்களுக்கான 2007 சட்டத்தின் 19ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லமாவது, அதில் குறைந்தது 150 ஆதரவற்றோருக்கு இடம் என்கிறது; ஆனால் அரசைக் கட்டாயப்படுத்தவில்லை. இனி இத்தகைய இல்லங்களைத் தொண்டு நிறுவனங்களிடம் விட்டாலும், இரவுப் பணியாளர் எண்ணிக்கையை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். மானியம் தாமதமானால் முதலில் வெட்டு விழுவது அங்கேதான்.

சேர்க்கை விவரத்துக்கு முதியோர் உதவி எண் 14567. பார்க்கப் போகிறவர்கள் இரவு 8 மணிக்கு மேல் போங்கள்.